‘புற்றுநோய்த் தடுப்பு’ அலமாரி: எதற்குக் காசு கொடுக்கலாம், எதைத் தொடக்கூடாது

மருந்துக்கடை அலமாரியிலும் இணையக் கடைகளிலும் ‘புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கும்’ என்ற வாசகத்தோடு என்னென்னவோ விற்கிறார்கள். புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் நிகோடின் பட்டை, வைட்டமின் மாத்திரை, நீரைக் காரமாக்கும் கருவி, வீட்டிலேயே செய்துகொள்ளும் மலப் பரிசோதனைக் கிட், ஒரு குப்பி ரத்தத்தில் எட்டு டியூமர் மார்க்கர் (கட்டி இருந்தால் கூடக்கூடிய பொருள்கள்) பார்க்கும் தொகுப்பு. இந்த மதிப்பீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தான். அந்தப் பொருளைப் பயன்படுத்தியவர்களையும் பயன்படுத்தாதவர்களையும் ஆயிரக்கணக்கில் சேர்த்து ஆண்டுக்கணக்கில் கவனித்தபோது, பயன்படுத்தியவர்களிடம் புற்றுநோயோ அதனால் வரும் சாவோ குறைந்ததா? குறைந்திருந்தால் மதிப்பெண். சோதனைக் குழாயில் செல்கள் செத்தன, எலிக்குக் கட்டி சுருங்கியது என்று அட்டையில் அச்சிட்டிருப்பதற்கு மதிப்பெண் கிடையாது.

இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. ஒரு செல்லின் டிஎன்ஏவில் பிழை விழுவதும், அது பழுதுபார்க்கப்படாமல் தங்குவதும், அதே செல்வழியில் இன்னும் சில பிழைகள் சேர்ந்து அது கட்டுக்கடங்காமல் பெருகுவதும் பெரும்பாலும் பத்து, இருபது, முப்பது ஆண்டுகளில் நடக்கிற வேலை. ‘மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியும்’ என்று ஒரு புட்டி சொன்னால், அந்த வித்தியாசத்தை அளக்கக் கருவியே கிடையாது. வாங்கியவருக்கு மனதில் தெம்பு வரும். அவ்வளவுதான். புற்றுநோய்களில் 30 முதல் 50 சதவீதம் வரை தடுக்கக்கூடியவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மீதியில் வயதுக்கும், பரம்பரைக்கும், செல் பிரியும்போது தற்செயலாக விழும் பிழைக்கும் பங்கு இருக்கிறது. ஆகவே எந்தப் பொருளும் உத்தரவாதம் தராது. அபாயத்தைக் குறைக்கும், அதுவும் சில பொருள்கள் மட்டும்.

நிகோடின் பட்டையும் கம்மும்

இந்த அலமாரியில் காசுக்கு அதிகப் பலன் தருவது இதுதான். ஆனால் பத்துப் பேர் வாங்கினால் ஏழெட்டுப் பேர் தப்பாகப் பயன்படுத்திவிட்டு ‘இது வேலைக்கு ஆகாது’ என்று விமர்சனம் எழுதுகிற பொருளும் இதுதான்.

சிகரெட் புகையில் 7,000-க்கும் மேற்பட்ட வேதிப்பொருள்கள் உள்ளன. குறைந்தது 69 புற்றுநோயை உண்டாக்குபவை என்று தெரியவந்தவை. நிகோடின் அந்தப் பட்டியலில் இல்லை. அது ஆளைப் பிடித்துவைக்கிறது, கொல்லும் வேலையைத் தாரும் மற்றவையும் செய்கின்றன. பிடித்துவைப்பதைத் தனியாகக் கொடுத்து, கொல்வதை வெட்டிவிடுவதுதான் பட்டையின் தத்துவம். மன உறுதியை மட்டும் நம்பி விடுபவர்களில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேரே ஓராண்டுவரை தாக்குப்பிடிக்கிறார்கள். பட்டையோ கம்மோ அந்த வாய்ப்பை 50 முதல் 60 சதவீதம் கூட்டுகிறது. கேட்க அற்புதமாக இல்லைதான். மூன்று நான்கரையாவதும் ஐந்து ஏழரையாவதும்தான் இதன் பொருள். ஆனால் விட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் நுரையீரல் புற்றுநோய் அபாயம், தொடர்ந்து புகைப்பவருக்கு இருப்பதில் பாதியாகிவிடுகிறது. அந்தப் பலனை வைத்துக் கணக்குப் போட்டால் இந்தச் சின்ன ஏற்றம் பெரிய லாபம்.

அளவுக்கு வருவோம். ஒரு நாளைக்குப் பத்துக்கு மேல் புகைப்பவருக்கு வழக்கமான அட்டவணை: 21 மி.கி. பட்டை ஆறு வாரம், 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். பத்தோ அதற்குக் குறைவோ என்றால் 14-இல் தொடங்கி ஆறு வாரம், பிறகு 7-இல் இரண்டு வாரம். முடி இல்லாத, உலர்ந்த தோலில், இடுப்புக்கு மேலே ஒட்ட வேண்டும். உள்ளங்கையால் பத்து விநாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். லோஷன் பூசிய தோலில் ஒட்டினால் மதியத்துக்குள் ஓரம் கிளம்பிவிடும். நாளுக்கொரு இடமாக மாற்றாவிட்டால் சதுரமாகச் சிவந்து அரிக்கும். அது பெரும்பாலும் ஒரே இடத்தில் ஒட்டியதன் எரிச்சல். ஒவ்வாமை என்று நினைத்து நிறுத்திவிடுபவர்கள் நிறைய. 24 மணி நேரப் பட்டையில் கனவுகள் பயங்கரமாக வந்தால் இரவில் கழற்றிவிடலாம். கழற்றிய பட்டையிலும் நிகோடின் மிச்சம் இருக்கும். ஒட்டும் பக்கத்தை உள்ளே மடித்து, குழந்தைக்கும் வளர்ப்புப் பிராணிக்கும் எட்டாத குப்பைத்தொட்டியில் போடுங்கள்.

கம்மில்தான் முக்கால்வாசித் தவறு நடக்கிறது. எழுந்த முப்பது நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பற்றவைப்பவருக்கு 4 மி.கி., மற்றவருக்கு 2 மி.கி. இதைச் சாதாரணச் சூயிங்கம் போல மெல்லவே கூடாது. வாயில் சுருக்கென்று காரம் தட்டும்வரை மெதுவாக மென்று, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவைக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி இரண்டு மூன்று கடி, மறுபடி வேறு பக்கம் ஒதுக்கல். ஒரு கம் அரை மணி நேரம் வரும். நிகோடின் உடலில் ஏறுவது வாயின் உட்தோல் வழியாக. விடாமல் மென்று எச்சிலோடு விழுங்கினால் அது வயிற்றுக்குப் போய் விக்கல், நெஞ்செரிச்சல், குமட்டல் கொடுக்கும். ரத்தத்தில் ஏற வேண்டியது ஏறாது. காபியோ பழச்சாறோ குளிர்பானமோ குடித்தால் வாய் அமிலமாகிவிடும்; அமிலத்தில் நிகோடின் உறிஞ்சப்படாது. குடிப்பதற்கும் கம்முக்கும் பதினைந்து நிமிட இடைவெளி விடுங்கள். முதல் ஆறு வாரம் ஒன்று அல்லது இரண்டு மணிக்கொன்று, அடுத்த மூன்று வாரம் இரண்டிலிருந்து நான்கு மணிக்கொன்று, கடைசி மூன்று வாரம் நான்கிலிருந்து எட்டு மணிக்கொன்று. நாளைக்கு 24-ஐத் தாண்டக்கூடாது. பல்செட் கட்டியவர்களுக்கும் தாடை மூட்டு வலி உள்ளவர்களுக்கும் இது ஒத்துவராது, சப்பும் மாத்திரை வாங்கட்டும்.

தோற்றுப்போகிறவர்கள் பெரும்பாலும் அதிகம் எடுத்துத் தோற்பதில்லை, குறைவாக எடுத்துத் தோற்கிறார்கள். ‘இன்னொரு பழக்கம் ஆகிவிடுமோ’ என்று பயந்து நாளைக்கு இரண்டு கம், மூன்றாம் வாரத்தில் பட்டைக்கு முழுக்கு. சிகரெட்டில் இழுத்த நிகோடின் பத்திலிருந்து இருபது விநாடிக்குள் மூளைக்குப் போய்விடுகிறது. பட்டை மணிக்கணக்கில் மெதுவாகக் கசிகிறது. அந்த வேகம் இல்லாததால்தான் பட்டைக்கு அடிமையாகிறவர்கள் அரிது. பட்டை அடித்தளமாக, திடீர் ஏக்கத்துக்குக் கம் அல்லது சப்பும் மாத்திரை என்று இரண்டையும் சேர்த்து எடுப்பவர்கள், ஒன்றை மட்டும் எடுப்பவர்களைவிட ஏறத்தாழ கால்பங்கு கூடுதலாக வெற்றி பெறுகிறார்கள். தயாரிப்பாளர்கள் இதை அட்டையில் பெரிதாகப் போடாதது ஏன் என்பது புரியாத புதிர்.

இன்னொன்று, எந்த அட்டையிலும் இருக்காது. புகையிலுள்ள தார், காபியின் கஃபீனை வேகமாகக் கரைக்கும் கல்லீரல் நொதியைத் தூண்டிவிடுகிறது. புகை நின்றதும் அந்த நொதி மந்தமாகி, அதே இரண்டு கோப்பைக் காபி இருமடங்கு போல வேலை செய்யும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாவற்றையும் ‘சிகரெட் இல்லாததால்’ என்று எண்ணி மறுபடி பற்றவைக்கிறார்கள். முதல் வாரமே காபியைப் பாதியாக்கினால் போதும். சில மனநல மருந்துகளின் அளவும் இதே காரணத்தால் மாற்ற வேண்டியிருக்கும். அவற்றை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும்.

சிகரெட்டைப் பாதியாகக் குறைப்பதை இதற்கு மாற்றாக எண்ண வேண்டாம். எண்ணிக்கை குறையும்போது ஒவ்வொன்றையும் ஆழமாக இழுப்பது உடலின் வழக்கம். ‘லைட்’ சிகரெட் ஏமாற்றியதும் அதே வழியில்தான்.

தடுப்பூசிகள்

மதிப்பெண்ணில் இவைதான் முதலிடம். சொல்லத்தான் அதிகம் இல்லை. எச்பிவி என்ற வைரஸின் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே கருப்பைவாய்ப் புற்றுநோய்களில் சுமார் 70 சதவீதத்துக்குக் காரணம். ஒன்பது வகைத் தடுப்பூசி சுமார் 90 சதவீதத்துக்குக் காரணமானவற்றைத் தடுக்கிறது. 2020-இல் வெளிவந்த ஸ்வீடன் ஆய்வில், 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்டவர்களிடம் பரவும் நிலைக் கருப்பைவாய்ப் புற்றுநோய் 88 சதவீதம் குறைவு. வேறெந்தத் தடுப்புப் பொருளும் இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வராது. ஏற்கெனவே தொற்றியிருக்கும் வைரஸை இது விரட்டாது. அதனால்தான் 9 முதல் 14 வயது என்று வலியுறுத்துகிறார்கள். ஊசிக்குப் பின் கை வலிக்கும். வளரிளம் பருவத்தினர் சிலர் மயங்கி விழுவது உண்டு. பதினைந்து நிமிடம் உட்காரவைத்து அனுப்பாத மையத்துக்கு ஒரு மதிப்பெண் குறைக்கலாம். போட்டுக்கொண்ட பெண்களும் பின்னாளில் கருப்பைவாய்ப் பரிசோதனையை விட்டுவிடக்கூடாது.

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியும் இதே இனம். 1984-இல் தைவான் பிறந்த குழந்தைகளுக்குப் போடத் தொடங்கிய பிறகு அங்கே சிறுவர்களிடம் கல்லீரல் புற்றுநோய் குறைந்தது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் டோஸ். பெரியவர்கள் என்றால் ஊசிக்கு முன் வைரஸ் ஏற்கெனவே இருக்கிறதா என்ற ரத்தப் பரிசோதனை செய்வது நல்லது. இருப்பவருக்கு ஊசியால் பயனில்லை, கண்காணிப்புதான் தேவை.

வைட்டமின், ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரைகள்

வாங்காதீர்கள். புகைப்பவர் என்றால் கையிலும் எடுக்காதீர்கள்.

இந்த மாத்திரைகளை யாரும் சோதிக்காமல் விடவில்லை, பெரிய அளவில் சோதித்தார்கள். காய்கறி, பழம் அதிகம் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு, அவர்கள் ரத்தத்தில் காய்கறியிலிருந்து வரும் பீட்டா கரோட்டின் என்ற சத்து அதிகம், எனவே பீட்டா கரோட்டினையே கொடுத்தால் என்ன என்பதுதான் யோசனை. ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகையாளர்களிடம் நாளைக்கு 20 மி.கி. கொடுத்துப் பார்த்தார்கள். 1994-இல் வந்த முடிவு: நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் வைட்டமின் ஏ-யோடு சேர்த்து 30 மி.கி. கொடுத்த இன்னொரு ஆய்வில் 28 சதவீதம் கூடியது. குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்னதாகவே அதை 1996-இல் நிறுத்திவிட்டார்கள். வைட்டமின் ஈ, செலினியம் இரண்டையும் 35,533 ஆண்களிடம் சோதித்த ஆய்வில், 2011-இல் வெளியான கணக்குப்படி வைட்டமின் ஈ எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகம். வைட்டமின் டி நாளைக்கு 2,000 யூனிட் வீதம் 25,871 பேர் பங்கேற்ற ஆய்வில் கொடுத்தபோது புற்றுநோய் வருவது குறையவில்லை. எலும்புக்காக மருத்துவர் எழுதிக் கொடுத்தால் அது வேறு கணக்கு.

ஏன் தலைகீழானது? காய்கறியில் நூற்றுக்கணக்கான பொருள்கள், நார்ச்சத்து, அதோடு அதைச் சாப்பிடுபவரின் மற்ற பழக்கங்கள் எல்லாம் சேர்ந்துதான் பலன். ஒன்றைப் பிரித்தெடுத்து உணவில் ஒருபோதும் வராத அளவில் கொடுத்தால் அது வேறு பொருளாகிவிடுகிறது. ஆக்சிஜனேற்ற அழுத்தம் கெட்டுப்போன செல்களைச் சாகடிக்கும் வழிகளில் ஒன்று. அந்த அழுத்தத்தைத் தணிக்கும் ஆன்டிஆக்சிடன்ட் அந்தக் கெட்ட செல்லையும் சேர்த்துக் காப்பாற்றுகிறது என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. ‘இயற்கையானது, கெடுதல் செய்யாது’ என்ற அட்டை வாசகம் இந்த ஆய்வுகளுக்குப் பின்னும் அச்சாகிக்கொண்டுதான் இருக்கிறது. மல்டிவைட்டமின் புட்டியிலும் பீட்டா கரோட்டின் ஒளிந்திருக்கும். புகைப்பவர்களும் முன்பு புகைத்தவர்களும் பின்பக்கச் சிற்றெழுத்தைப் பார்க்க வேண்டும்.

சமையலறைக் கருவிகள்

காரத்தன்மை நீர்க் கருவிக்கு ஒரு பத்தி அதிகம். குடித்த நீர் முதலில் விழுவது வயிற்று அமிலத்தில். ரத்தத்தின் அமில-கார அளவான பிஎச்-ஐ 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நுரையீரலும் சிறுநீரகமும் பிடித்துவைத்திருக்கின்றன. உணவோ நீரோ அதை நகர்த்த முடியாது. கட்டியைச் சுற்றி அமிலம் இருப்பது உண்மைதான். ஆனால் அது கட்டி தானே உண்டாக்கிய அமிலம்.

ஏர் ஃபிரையரை ‘அக்ரிலமைடைக் குறைக்கும்’ என்று விற்கிறார்கள். மாவுச்சத்துள்ள பண்டம் 120 டிகிரிக்கு மேல் வறுபடும்போது உருவாகும் இது, விலங்குகளில் புற்றுநோயை உண்டாக்கியது. மனிதரில் உணவு வழியான தொடர்பு இதுவரை உறுதியாகவில்லை. எந்தக் கருவியானாலும் பொன்னிறத்தில் எடுத்தால் குறைவு, கரும்பழுப்பில் எடுத்தால் அதிகம். எண்ணெய் குறைந்து அதனால் உடல் எடையும் குறைந்தால் ஏர் ஃபிரையருக்கு மறைமுகமாக ஒரு மதிப்பெண்.

எடை என்றதும் அலமாரியின் மூலையில் கிடக்கும் எடைக் கருவி. உடல் பருமனுக்கும் 13 வகைப் புற்றுநோய்களுக்கும் போதுமான சான்று உண்டு என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் அறிவித்தது. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் பெரும்பாலும் தயாரிப்பது கொழுப்புத் திசுதான். மார்பகமும் கருப்பை உட்சுவரும் பட்டியலில் வருவது அதனால். வாரம் ஒருமுறை, காலையில், ஒரே நேரத்தில், ஒரே கடினமான தரையில் வைத்துப் பாருங்கள். கம்பளத்தில் வைத்தால் எண் பொய் சொல்லும். அடி எண்ணும் கைக்கடிகாரம் கட்டாயமில்லை. வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்பதே இலக்கு. மிதமா என்று பார்க்கக் கடிகாரம் வேண்டாம்: பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது.

‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்த’ சிவப்பு ஒயினும் இந்த அலமாரிக்கு அவ்வப்போது வந்துவிடுகிறது. அதே முகமையின் பட்டியலில் மது 1988-லிருந்தே முதல் குழுப் புற்றுநோய்க் காரணி. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று ஏழு இடங்கள். எந்தப் புட்டியானாலும் உள்ளே இருப்பது ஒரே எத்தனால், உடல் அதை மாற்றுவது ஒரே அசிட்டால்டிஹைடாக.

‘முதல் குழு’ என்பதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. பதப்படுத்திய இறைச்சியை 2015-இல் அதே குழுவில் சேர்த்தபோது ‘சிகரெட்டுக்குச் சமம்’ என்று தலைப்புகள் வந்தன. சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் குழு எண் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதைச் சொல்வதில்லை. தினம் 50 கிராம் சாப்பிட்டால் பெருங்குடல் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் கூடும். வாழ்நாளில் நூற்றுக்கு ஐந்து பேருக்கு வரும் இடத்தில் அது ஏறத்தாழ ஆறு ஆகும். குறைப்பது நல்லது. அந்தப் பயத்தில் வேறொரு பொருளை வாங்கத் தேவையில்லை.

சன்ஸ்கிரீன்

ஆஸ்திரேலியாவில் 1,621 பேரிடம் நான்கரை ஆண்டு நடந்த ஆய்வில், தினமும் பூசியவர்களுக்கு ஸ்குவாமஸ் வகைத் தோல் புற்றுநோய் சுமார் 40 சதவீதம் குறைந்தது. பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது மெலனோமா என்ற கொடிய தோல் புற்றுநோயும் ஏறத்தாழப் பாதி. ஆகவே சான்று உண்டு, குறிப்பாக வெளிர்த் தோலுக்கு. கருமையான தோலில் இந்தப் பலன் மிகச் சிறியது. அங்கே மெலனோமா வந்தால் அது பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி போன்ற வெயில் படாத இடங்களில் வருகிறது. சன்ஸ்கிரீனுக்குக் கொடுக்கும் காசைவிட மாதம் ஒருமுறை உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பது அவர்களுக்கு உதவும்.

எஸ்பிஎஃப் (அட்டையிலுள்ள வெயில் தடுப்பு எண்) 30 சுமார் 97 சதவீதமும், 50 சுமார் 98 சதவீதமும் யுவிபி என்ற புற ஊதாக் கதிரைத் தடுக்கின்றன. இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதானால் 30 போதும். ஆய்வகம் சோதிப்பது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மி.கி. பூசி, மக்கள் பூசுவது அதில் பாதியோ கால்வாசியோ. முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், முழு உடலுக்கு 30 மி.லி.க்கு மேல் என்பதுதான் கணக்கு. ஒரு சின்னக் குழாய் மாதக்கணக்கில் வருகிறது என்றால் பூசுவது போதவில்லை. ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்ற சொல் இல்லாவிட்டால் யுவிஏ என்ற இன்னொரு புற ஊதாக் கதிர் தப்பி உள்ளே வரும். இரண்டு மணிக்கொருமுறை மறுபடி பூச வேண்டும். வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்த குழாயைத் தூக்கி எறியுங்கள். ஸ்ப்ரே வடிவம் எங்கள் பட்டியலில் கடைசி: பூச்சு சீராக விழாது, மூச்சோடு உள்ளே போகும். 2021-இல் சில ஏரோசால் ஸ்ப்ரேக்களில் பென்சீன் கலந்திருந்தது தெரிந்து சந்தையிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

வீட்டு மலப் பரிசோதனைக் கிட்

இனி வருபவை நோயைத் தடுக்கும் பொருள்கள் அல்ல, தேடும் பொருள்கள். ஆனால் இந்தக் கிட் இரண்டையும் கொஞ்சம் செய்கிறது. பெருங்குடல் புற்றுநோய் பெரும்பாலும் பாலிப் என்ற சிறு வளர்ச்சியில் தொடங்குகிறது. கசியும் பாலிப்பைக் கண்டுபிடித்துக் கொலோனோஸ்கோபியில் (குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) வெட்டிவிட்டால் புற்றுநோய் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும்.

பழைய முறைக் கிட்டை வைத்து அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 46,551 பேரிடம் நடந்த ஆய்வில், ஆண்டுதோறும் செய்தவர்களிடம் பெருங்குடல் புற்றுநோய்ச் சாவு 33 சதவீதம் குறைந்தது. இன்றைய எதிர்ப்பொருள் முறை மனித ஹீமோகுளோபினை மட்டுமே பிடிக்கும். ஆகவே முன்புபோல இறைச்சி, வைட்டமின் சி பத்தியம் வேண்டாம். ஒருமுறை செய்தால் புற்றுநோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 79 பேரைப் பிடிக்கும். மீதியை அடுத்த ஆண்டுச் சோதனைதான் பிடிக்க வேண்டும். ஒரு தடவை செய்து ‘நெகட்டிவ்’ என்று மகிழ்ந்து ஐந்தாண்டு மறந்துவிட்டால் கிட்டின் பாதிப் பயன் போயிற்று. 45 அல்லது 50 வயதில் தொடங்கி, ஆண்டுக்கு ஒருமுறையோ இரண்டாண்டுக்கு ஒருமுறையோ செய்ய வேண்டும்.

மாதிரி எடுப்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் சிறுநீர் கழித்துவிட்டு, கிட்டோடு வரும் தாளை விரித்து, மலம் நீரில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீரில் விழுந்தால் ரத்தம் கரைந்துபோகும். கழிவறைச் சுத்திகரிப்புத் திரவம் பட்டாலும் கெடும். குச்சியின் நுனியால் ஐந்தாறு இடங்களில் மேலாகக் கீற வேண்டும். ரத்தம் எல்லா இடத்திலும் சமமாகக் கலந்திருக்காது. குச்சியின் பள்ளங்கள் நிறைந்தால் போதும். அள்ளி அடைத்தால் உள்ளிருக்கும் திரவத்தின் விகிதம் மாறி முடிவு தவறாகும், சில ஆய்வகங்கள் திருப்பியும் அனுப்பிவிடும். குப்பியில் தேதி எழுதாததும் மாதிரி நிராகரிக்கப்பட ஒரு வழக்கமான காரணம். எடுத்த அன்றே அனுப்புவது உத்தமம். முடியாவிட்டால் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெப்பத்தில் ஹீமோகுளோபின் சிதைந்துவிடும், இருக்கிற ரத்தமும் இல்லை என்று வரும். மாதவிடாய் நாள்களிலும் மூலத்தில் ரத்தம் வரும்போதும் தள்ளிப்போடுங்கள்.

கோடு விழும் அட்டை வகை, ஆய்வகத்துக்கு அனுப்பும் வகை என்று இரண்டு கிடைக்கும். ஆய்வகம் ஒரு கிராம் மலத்தில் எத்தனை மைக்ரோகிராம் என்று எண்ணாகத் தருவதால் அதுவே மேல். அட்டை வகையில், குறித்த நிமிடம் தாண்டிய பிறகு தெரியும் மங்கலான கோட்டுக்கு அர்த்தமில்லை.

பாசிட்டிவ் வந்தால் அடுத்தது கொலோனோஸ்கோபி மட்டுமே. ‘மறுபடி ஒரு கிட் வாங்கிப் பார்ப்போம்’ என்பது மிகப் பரவலான, மிக மோசமான தவறு. பாலிப் தினமும் கசியாது, இரண்டாவது நெகட்டிவ் முதல் பாசிட்டிவை ரத்து செய்யாது. பாசிட்டிவ் வந்தவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருக்காது. ஆனால் பத்து மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடம் புற்றுநோயும், அதன் முற்றிய நிலையும் கூடுதலாகத் தென்பட்டன. கண்ணுக்குத் தெரியும் ரத்தம், காரணமில்லா எடைக் குறைவு, இரும்புச்சத்துச் சோகை இருப்பவர்கள் கிட் வாங்கவே வேண்டாம், நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

டியூமர் மார்க்கர் தொகுப்பும் முழு உடல் ஸ்கேனும்

இந்த அலமாரியில் விளம்பரத்துக்கு அதிகச் செலவும், பயனுக்குக் குறைந்த மதிப்பெண்ணும் இவற்றுக்குத்தான். சிஇஏ, சிஏ 125, சிஏ 19-9, சிஏ 15-3, ஏஎஃப்பி என்று வரிசையாக அடுக்கிய தொகுப்பு. இவற்றில் பெரும்பாலானவை, புற்றுநோய் ஏற்கெனவே உறுதியானவர்களுக்குச் சிகிச்சை வேலை செய்கிறதா என்று பின்தொடரப் பயன்படுபவை. ஆரோக்கியமானவரிடம் தேடும்போது கணக்கு கவிழ்ந்துவிடுகிறது.

பத்தாயிரம் பேரில் பத்துப் பேருக்கு நோய் என்று வையுங்கள். நோயுள்ளவரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பிடிக்கும், நோயில்லாதவரில் நூற்றுக்கு ஐந்து பேரைத் தவறாகப் பிடிக்கும் சோதனை ஒன்று. இது இந்த மார்க்கர்களுக்குத் தாராளமான கணிப்பு. பத்தில் ஒன்பது பேர் பிடிபடுவார்கள். கூடவே நோயில்லாத ஐந்நூறு பேரும். பாசிட்டிவ் தாளைக் கையில் வைத்திருக்கும் ஒருவருக்கு உண்மையில் நோய் இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எட்டுச் சோதனைகளைச் சேர்த்தால், முழு ஆரோக்கியமானவர்களிலும் மூன்றில் ஒருவருக்கு ஏதாவது ஒன்று சிவப்பு எழுத்தில் வரும்.

அந்தச் சிவப்பு எழுத்து எங்கிருந்து வருகிறது? புகைப்பவருக்குச் சிஇஏ கூடும். மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், கல்லீரல் நோய் எதிலும் சிஏ 125 ஏறும். பித்தக்கல் குழாயை அடைத்தால் சிஏ 19-9 எகிறும். அதே நேரம் மக்களில் 5 முதல் 10 சதவீதத்தினருக்கு அந்தப் பொருளை உற்பத்தி செய்யும் திறனே பிறவியில் கிடையாது, அவர்களுக்குக் கணையப் புற்றுநோய் முற்றினாலும் எண் அசையாமல் இருக்கலாம். சிஏ 125-ஐயும் அல்ட்ராசவுண்டையும் கொண்டு 78,216 பெண்களிடம் நடந்த ஆய்வில், சினைப்பைப் புற்றுநோய்ச் சாவு குறையவில்லை. தவறான பாசிட்டிவ் வந்த 3,285 பேரில் 1,080 பேர் அறுவைச் சிகிச்சைக்குப் போனார்கள். அவர்களில் 163 பேருக்குக் கடுமையான சிக்கல் ஏற்பட்டது. இல்லாத நோய்க்கு.

புராஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பிஎஸ்ஏ என்ற ரத்தப் பரிசோதனை மட்டும் கொஞ்சம் வேறு. ஐரோப்பிய ஆய்வு புராஸ்டேட் புற்றுநோய்ச் சாவில் சுமார் 20 சதவீதக் குறைவைக் காட்டியது. ஆனால் வாழ்நாளில் தொந்தரவே தராத கட்டிகளையும் கிளறிவிடுவதால், 55 முதல் 69 வயது வரை மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டிய சோதனை இது. தொகுப்பில் இலவச இணைப்பாக வாங்க வேண்டியதல்ல. செய்வதானால் இரண்டு நாள் முன்பிருந்து சைக்கிளும் விந்து வெளியேற்றமும் வேண்டாம். புராஸ்டேட் வீக்கத்துக்கும் முடி உதிர்வுக்கும் கொடுக்கும் ஃபினாஸ்டரைடு மருந்தை எடுப்பவருக்கு எண் ஏறத்தாழப் பாதியாகக் காட்டும், அதைச் சொல்லாவிட்டால் தவறாக நிம்மதி அடைவார்.

ரத்தத்தில் மிதக்கும் டிஎன்ஏவைப் பார்த்து ஐம்பது வகைப் புற்றுநோயைக் காணும் புதிய சோதனை இவற்றைவிட நேர்மையானது. தவறான பாசிட்டிவ் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. ஆனால் பெரிய ஆய்வொன்றில் நான்காம் நிலையில் 90 சதவீதத்தைப் பிடித்த அதே சோதனை, முதல் நிலையில் பிடித்தது 17 சதவீதம். சீக்கிரம் கண்டுபிடிக்கவே வாங்கும் பொருளுக்கு இது தலைகீழ். சாவு குறையும் என்று நிரூபணமாகும்வரை காத்திருக்கலாம்.

ஸ்கேன்களுக்குத் தென்கொரியா பாடம். தைராய்டை அல்ட்ராசவுண்டில் பார்ப்பது அங்கே பரவியதும், 1993-க்கும் 2011-க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய்க் கணக்கு 15 மடங்கானது; சாவு எண்ணிக்கை நகரவில்லை. அறுவை செய்து வாழ்நாள் முழுக்க மாத்திரை விழுங்குகிறவர்கள்தான் கூடினார்கள். ஒரே ஒரு ஸ்கேனுக்கு மட்டும், குறிப்பிட்ட ஆள்களுக்கு, நல்ல சான்று உண்டு: நுரையீரலுக்கான குறைந்த கதிர்வீச்சு சிடி. 53,454 பேரிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில் நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவீதம் குறைந்தது. நாளைக்கு எத்தனை பாக்கெட் (20 சிகரெட் கொண்டது) என்பதை எத்தனை ஆண்டு என்பதால் பெருக்குங்கள். 20-ஐத் தொட்டு, வயது 50-க்கு மேல், இன்னும் புகைக்கிறார் அல்லது விட்டுப் பதினைந்து ஆண்டுக்குள் என்றால் கேட்டுப் பார்க்கத் தகும். இதிலும் முதல் ஸ்கேனில் நிழல் தெரிந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை. புகைக்காதவர் செய்துகொள்வது வீண்.

தொகுப்பை வாங்கியே தீருவேன் என்பவர்கள், பணம் கட்டும் முன் கவுன்ட்டரில் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பட்டியலில் எந்தச் சோதனை, என் வயதினரிடம், சாவைக் குறைத்திருக்கிறது? ஒரு எண் சிவப்பில் வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள், அந்தச் செலவு இதில் அடங்குமா? முடிவை விளக்கப்போவது மருத்துவரா, விற்பனைப் பிரதிநிதியா? மூன்றாவதற்குப் பதில் வர நேரமானால் பணத்தைப் பையிலேயே வைத்துக்கொள்ளலாம்.